கேட்டவர்களுக்குக் கொடு

அன்பு மகளுக்கு,

உன் ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே உன் தரவை இன்னொரு ஆய்வுக் குழு கேட்கிறது, கொடுப்பதா வேண்டாமா என்று எழுதியிருந்தாய். கொடும்மா.

சி. எலிகன்ஸ் புழுவின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஒரு மில்லிமீட்டர் நீளம், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் உடம்பு. 1960களில் உயிரியலாளர் சிட்னி பிரென்னர் அதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். பிறகு ஜான் சல்ஸ்டன் அதன் கருவை நுண்ணோக்கியில் வைத்து, எந்தச் செல் எப்போது எந்தப் பக்கம் பிரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தார். ஒன்றரை ஆண்டு, நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கண்ணை எடுத்தால் ஒரு பிரிவு தப்பிவிடும். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருக்கும் இருபால் புழு வளர்ந்தபின் அதற்கு 959 உடற்செல்கள். வளரும் வழியில் 131 செல்கள், புழுவுக்குப் புழு மாறாமல், மடிந்துபோகின்றன. எந்தச் செல்லிலிருந்து எது வந்தது என்று காட்டும் கருவின் முழு வம்சாவளி 1983இல் வெளிவந்தது. செல் மடிவதை நடத்தும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் தேடிப்போனதற்கு அந்த வம்சாவளிதான் வழிகாட்டி. 2002இல் மூவருக்கும் நோபல் பரிசு.

சம்பளத்துக்காக யாரும் அப்படி உட்கார மாட்டார்கள். ஆனால் என்னை அதைவிடக் கவர்ந்தது, அதே புழுமேல் பித்தானவர்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொண்ட விதம். 1975இல் தங்களுக்கென்று ஒரு செய்திமடல் தொடங்கினார்கள். அரைகுறை முடிவு, செய்முறை நுணுக்கம், எல்லாம் அதில் வந்தது. எழுதியவரைக் கேட்காமல் மேற்கோள் காட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. கேட்டவர்களுக்குப் புழுக்களையே அனுப்பிவைத்தார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறியவர் என்பதால்தான், 1996இல் பெர்முடாவில் மனித மரபணுத்தொகுதி ஆய்வாளர்கள் கூடியபோது, கண்டறிந்த டி.என்.ஏ. வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைக்க வேண்டும் என்று சல்ஸ்டன் வாதாடினார் என்று நினைக்கிறேன். கூட்டமும் ஒப்புக்கொண்டது.

ஈடுபாடு இருக்கிறதே என்று சொல்லியே உன் தூக்கத்தையும் ஊதியத்தையும் பிடுங்குகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் கறாராக இரு. உன்னைக் கேட்டிருக்கும் குழு அப்படித் தெரியவில்லை. உன் பழைய கட்டுரையில் இருந்த வரைபடத்தை வரிவரியாகப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே ஆசை தெரிகிறது.

இந்த வாரமே அனுப்பு. எந்த அளவீட்டில் உனக்குச் சந்தேகமோ அதையும் சேர்த்து எழுது. உன்னைக் கேட்காமல் வெளியிட வேண்டாம் என்று ஒரு வரி போதும். அவர்களிடம் இருக்கும் மாதிரிகளை நீயும் கேள்.

அன்புடன்,
அம்மா