பறக்கிற நாளில் கச்சேரி வேண்டாம்: சுற்றுப்பயண நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நம் இசைக்குழுவின் அடுத்த சுற்றுப்பயண அட்டவணை கைக்கு வந்தது. 14 நாட்களில் 11 கச்சேரிகள். அவற்றில் நான்கு, காலையில் விமானம் ஏறி இரவில் மேடை ஏற வேண்டியவை. போன பயணத்தில் மூன்றாவது ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் நீங்களும்தான் நின்றிருந்தீர்கள். அதற்குப் பிறகும் இப்படி ஓர் அட்டவணை வந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஊர் விட்டு ஊர் பறக்கிற நாளில் கச்சேரி வைக்காதீர்கள்.

அந்த மூன்றாவது ஊரில் அன்று லாரி தாமதமாகி, வாத்தியப் பெட்டிகள் இறங்கியபோது கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. பெட்டியைத் தொட்டால் கை சில்லிட்டது. இரவெல்லாம் குளிரில் வந்த பெட்டியைச் சூடான அரங்குக்குள் கொண்டுவந்ததும் திறக்கக் கூடாது. மூடியபடியே பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, அப்படியே வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மரம் புது இடத்தின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் மெல்லப் பழக வேண்டும். இது எங்களுக்கும் தெரியும், பெட்டிகளை இறக்கிவைத்த மேடைப் பணியாளர்களுக்கும் தெரியும். ஆனால் எட்டு மணிக்கு அரங்கு நிறைந்துவிடுமே. திறந்தோம்.

நான் வாசிப்பது டபுள் பாஸ், வயலின் போன்ற வடிவில் ஆள் உயரத்துக்கு நிற்கிற தந்தி வாத்தியம். அதன் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள். இவற்றை ஒட்டிப் பிடித்திருப்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. மரம் சட்டென்று சுருங்கினால், பலகை பிளப்பதற்கு முன் அந்தப் பசை விட்டுக்கொடுத்துவிடும். வாத்தியம் செய்கிறவர்கள் இன்னும் அதைக் கைவிடாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அன்றும் விட்டுக்கொடுத்தது. கீழ் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டு திறந்துகொண்டது. சரிசெய்ய ஆளைக் கூப்பிட நேரமில்லை, மாற்று வாத்தியமும் இல்லை.

நிகழ்ச்சியில் இருந்தது ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனி, முழு இசைக்குழுவுக்காகப் பல பகுதிகளில் எழுதிய நீண்ட படைப்பு. பித்தளை வாத்தியங்கள் முழங்குகிற இடங்களில் தப்பித்துவிட்டேன். ஆனால் நான்காம் பகுதியான அடாஜியெட்டோவில் தந்தி வாத்தியங்களும் யாழ் போன்ற ஹார்ப்பும் மட்டும்தான். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அரங்கம் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சில சுரங்களில் என் வாத்தியத்தின் திறந்த விளிம்பு வண்டு மாதிரி இரைந்தது. பக்கத்தில் நின்ற தோழி திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தச் சுரங்கள் வந்தபோதெல்லாம் தந்தியைத் தொடாமல் கையை மட்டும் அசைத்தேன். 22 வருடமாக வாசிக்கிறேன். வாசிப்பது போல் நடித்தது அன்றுதான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மரத்துக்கு மட்டும்தானா இந்தக் கதி? அந்த சிம்பொனி ஒற்றை ட்ரம்பெட்டில் தொடங்குகிறது. துணைக்கு யாரும் இல்லை. அதை வாசித்தவர் அன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் விமானத்தை விட்டு இறங்கினார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடுதான் அவருடைய கருவி. அது காய்ந்து வெடித்திருந்தது. நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் ஓபோவை வாசிப்பவர் தன் சீவாளியைத் தானே செதுக்கிக்கொள்கிறவர். முந்தைய ஊரில் பேசிய சீவாளி, ஊர் இருக்கும் உயரமும் ஈரப்பதமும் மாறியதும் இந்த ஊரில் பேசவில்லை. விடுதிக் குளியலறையில் கத்தியோடு உட்கார்ந்து புதிதாகச் செதுக்கினார், மதியச் சாப்பாடு இல்லாமல். ஹார்ப்பின் 47 தந்திகளையும், மேடையில் நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தார்கள்.

இசைக்குழுக்கள் ஊர் ஊராகப் போவது புதிதல்ல. 1880களில் நடத்துனர் ஹான்ஸ் ஃபான் பியூலோ ஜெர்மனியின் மைனிங்கன் நகர இசைக்குழுவை ரயிலில் அழைத்துப் போனார். 1885இல் அங்கே அரங்கேறிய, இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காம் சிம்பொனி, உடனே அதே குழுவோடு பயணம் கிளம்பியது. 1930இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, நடத்துனர் டோஸ்கானினியோடு ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனது. அந்தப் பயணங்கள் சுகமானவை என்று சொல்லவில்லை. ஆனால் கப்பல் கரை சேரும்வரை யாரும் அரங்குக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. விமானம் வந்த பிறகு, பறக்கிற நாளும் வேலை நாள் ஆகிவிட்டது.

ஒரு நாள் சும்மா இருந்தால் நூறு பேருக்கு அறை வாடகை, சாப்பாட்டுப் படி எல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அரங்குகளோடு பேசி, தேதி குறித்து, சுவரொட்டியும் அச்சடித்த பிறகுதான் அட்டவணை எங்களுக்குக் காட்டப்படுகிறது. வாசிக்கப் போகிறவர்களில் ஒருவரைக்கூட முன்னால் கூப்பிட்டுக் கேட்டதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறவர்கள் எங்கள் பத்தாவது ஊர் அலுப்பைக் கேட்க வரவில்லை. அவர்களுக்கு அது ஒரே இரவு. அன்று நாங்கள் பாதி ஆளாக மேடையேறினால், ஏமாந்து போவது அவர்கள்தான். இதை யோசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தை நாங்கள் பொருட்படுத்த மாட்டோம். விமானம் ஏறுகிற நாளில் மட்டும் கச்சேரி வேண்டாம். வாத்தியப் பெட்டிகள் முந்தைய நாளே அரங்குக்குப் போய்ச் சேர்ந்து, மூடியபடி ஓர் இரவு இருக்கட்டும். அதற்காக 11 கச்சேரிகள் 9 ஆகக் குறைந்தாலும், படி குறைந்தாலும் எனக்குச் சம்மதம். என் வரிசையில் இருக்கும் மற்ற ஏழு பேரிடமும் கேட்டுவிட்டேன், அவர்களுக்கும் சம்மதம்.

அந்த நான்கு தேதிகளையும் தயவுசெய்து மறுபடி ஒருமுறை பாருங்கள். என் டபுள் பாஸ் இப்போது பட்டறையில் இருக்கிறது. விளிம்பை ஒட்டி, இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதை மறுபடியும் பயணப் பெட்டியில் வைப்பதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
டபுள் பாஸ் வரிசையிலிருந்து ஒருவர்