மண் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு, உமையாள்

கானாடுகாத்தான்

அன்புள்ள மகள் உமையாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே ஆத்தாவும் நானும் சுகம். நொய்டாவில் நீயும் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் படங்கள் வந்தன. அடுப்படி ஆத்தாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பதினேழாம் மாடி என்பதுதான் அவளுக்குப் பயம். எனக்கு உயரத்தைப் பற்றிக் கவலை இல்லை. அந்த விளம்பரத் தாளில், 'நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம், நான்காம் மண்டல விதிப்படி கட்டப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. தாளை இரண்டு தடவை படித்துவிட்டேன். கட்டடம் எந்த மண்ணில் நிற்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

2002-ல் வந்த நிலநடுக்க வரைபடத்தில் நாடு இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது, எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். நொய்டாவும் டெல்லியும் நான்கில் வரும். நம் சிவகங்கைச் சீமை இரண்டில். இந்த மண்டலம் என்பது ஒரு பெரிய நிலப்பரப்புக்கு மொத்தமாகப் போட்ட கணக்கு. மாவட்டம் மாவட்டமாக ஒரே நிறம் அடித்திருப்பார்கள். நடுக்கம் வரும்போது நிலம் அப்படி ஒரே மாதிரி ஆடுவதில்லை. டெல்லியிலேயே ரிட்ஜ் என்ற மேட்டுப் பக்கம் போனால் ஆரவல்லிப் பாறை வெளியே தெரியும். யமுனையைத் தாண்டி நீங்கள் இருக்கும் பக்கம் வந்தால், யமுனையும் ஹிண்டன் ஆறும் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும்தான். பாறை ரொம்ப ஆழத்தில் கிடக்கிறது. இரண்டுக்கும் மண்டல எண் ஒன்றேதான், ஆட்டம் வேறு.

மெக்சிகோ நகரத்தின் கதையைக் கேள். 1985 செப்டம்பர் 19-ல் பசிபிக் கரையில் 8.0 அளவில் நடுக்கம். நகரம் அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் அழிவு வந்திருக்கவே கூடாது. ஆனால் அந்த நகரத்தின் நடுப்பகுதி பழைய டெக்ஸ்கோகோ ஏரியின் படுகையில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் ஊறிய கொழகொழத்த களிமண். எரிமலைப் பாறை மேல் இருந்த பல்கலைக்கழக வளாகத்துக் கருவி காட்டிய ஆட்டத்தைவிட, ஏரிப்படுகையில் இருந்த கருவி நான்கு மடங்குக்கு மேல் காட்டியது. ஆயிரக்கணக்கில் மனிதர்கள் போனார்கள். அதிலும் அதிகம் அடிபட்டவை ஏறத்தாழ ஆறு மாடியிலிருந்து பதினைந்து மாடி வரை இருந்த கட்டடங்கள்.

ஏன் அந்த உயரம் மட்டும்? இதுதான் நீங்கள் இருவரும் புரிந்துகொள்ள வேண்டிய இடம். பாறையில் விரைவாக வரும் அலை மெத்துமண்ணுக்குள் நுழைந்ததும் மெதுவாகிறது. கொண்டுவந்த சக்தி எங்கேயாவது போக வேண்டுமே, அதனால் ஆட்டத்தின் வீச்சு பெருகுகிறது. அதோடு, ஒவ்வொரு மண் அடுக்குக்கும் தனக்கென்று ஒரு தாளம் உண்டு. மெத்துமண்ணின் தடிமனை நான்கால் பெருக்கி, அதில் அலை ஓடும் வேகத்தால் வகுத்தால், மண் ஒரு முழு ஆட்டம் ஆடி முடிக்க எத்தனை நொடி என்று தோராயமாகத் தெரியும். 30 மீட்டர் மண், வேகம் நொடிக்கு 200 மீட்டர் என்றால் 0.6 நொடி. கட்டடத்துக்கு ஒரு மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்று கைக்கணக்கு வைத்துக்கொள். ஆறு மாடிக் கட்டடத்துக்கும் அதே 0.6 நொடி வருகிறது. வளவில் உன் ஊஞ்சலை நான் ஆட்டிவிட்டது ஞாபகம் இருக்கும், சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினாலே ஏறிக்கொண்டே போகும். மண்ணும் கட்டடமும் ஒரே தாளத்தில் சேர்ந்தால் அதுதான் நடக்கும். மெக்சிகோ களிமண்ணின் தாளம் சுமார் இரண்டு நொடி. கட்டடம் விரிசல் விட விட அதன் தாளமும் நீண்டு, இரண்டு நொடியை நோக்கிப் போனது.

தொலைவிலிருந்து வரும் நடுக்கத்தில் படபடவென்ற குறுகிய ஆட்டம் வழியிலேயே தேய்ந்துவிடும். நீண்ட, மெதுவான ஆட்டம்தான் வந்து சேரும். அது உயரமான கட்டடத்தையும் ஆழமான வண்டலையும் தேடிப் பிடிக்கும். 2025 மார்ச் 28-ல் மியான்மரில் 7.7 அளவில் நடுக்கம் வந்தபோது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் உயர்ந்த கட்டடங்கள் எப்படி ஆடின என்று நீயே டிவியில் பார்த்திருப்பாய். அந்த நகரமும் மெத்துக் களிமண் மேல்தான் நிற்கிறது. கட்டிக்கொண்டிருந்த ஒரு முப்பது மாடிக் கட்டடம் அங்கே விழுந்ததற்கு மண்ணை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அவ்வளவு தூரத்தில் ஆட்டம் பெருகியதில் களிமண்ணுக்குப் பங்கு உண்டு. நொய்டாவுக்கு வடக்கே இமயமலை இருக்கிறது. ஆழமான வண்டல், உயரமான கட்டடம், தொலைவில் பெரிய நடுக்கம் வரக்கூடிய இடம். மூன்றும் உங்களுக்குப் பொருந்துகிறது, அதுதான் எனக்கு அடித்துக்கொள்கிறது.

பாலம் கட்டும் துறையில் இருந்தவன் என்பதால் என் மனதை விட்டுப் போகாத ஒன்று உண்டு. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் 6.9 அளவில் நடுக்கம். ஓக்லண்டில் இரண்டு அடுக்காக ஓடிய ஒரு நெடுஞ்சாலை மேம்பாலம். விரிகுடாச் சேற்றின் மேல் நின்ற நீளத்தில் மேலடுக்கு கீழடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்து 42 பேர் செத்துப்போனார்கள். அதே பாலத்தில் கெட்டி மண் மேல் நின்ற பகுதி விழவில்லை.

இன்னொரு ஆபத்து மணல். தளர்ந்த மணல், நிலத்தடி நீர் மேலே, பலத்த ஆட்டம், இந்த மூன்றும் சேர்ந்தால் மணல் துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு வெளியேற நேரம் இருக்காது. பாரத்தைத் துகள் சுமப்பது போய்த் தண்ணீர் சுமக்க ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்துக்கு நிலம் நிலமாகவே இருக்காது, குழம்பாகிவிடும். 1964-ல் ஜப்பானில் நீகாதா நகரத்தில் அடுக்குமாடி வீடுகள் பெரிதாக உடையாமல் அப்படியே முழுசாகச் சாய்ந்து படுத்துவிட்டன. கட்டடத்தில் குறை என்று சொல்ல வழியே இல்லை, நின்ற மணல் காலை வாரிவிட்டது. நம் நாட்டில் 1934 பீகார் நடுக்கத்தில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் அமிழ்ந்து, வயலெல்லாம் மணலும் தண்ணீரும் பீறிட்டது. கங்கைச் சமவெளி மண்தான் அதுவும். யமுனைக் கரை மணலை அதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

சரி, இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பாய். நிலத்தில் துளை போட்டுத்தான். துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு அடிப்போம். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அடுத்த 30 இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். மணலில் பத்துக்குக் கீழே இருந்தால் தளர்வு, முப்பதைத் தாண்டினால் கெட்டி. இதை ஆழம் ஆழமாக, ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை செய்துகொண்டே போவோம். நம் ஊர்ப் பக்கம் செம்புராங்கல் வந்துவிட்டால் சுத்தியல் துள்ளும், குழாய் இறங்காது. பையன்கள் 'ரெப்யூசல் சார்' என்று கத்துவார்கள். அதே காரைக்குடிப் பக்கம் தூர்த்து மனை போட்ட ஊருணியில் துளை போட்டால், மேலே கொட்டிய கட்டட இடிபாடு, அதற்குக் கீழே கருத்த சேறு, குழாய் தன் பாரத்திலேயே இறங்கும். இரண்டு மனைக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கும்.

துளை போடாமலும் பார்க்கலாம். தரையில் ஒரு தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து, வரிசையாக நட்ட கருவிகளில் அலை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளந்து, மண்ணுக்குள் அலை ஓடும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். மேலே உள்ள 30 மீட்டருக்குச் சராசரி எடுப்பது வழக்கம். நொடிக்கு 760 மீட்டருக்கு மேல் என்றால் பாறை, 180-க்குக் கீழே என்றால் மெத்துமண். இப்படி ஊர் முழுக்கக் கட்டம் கட்டமாக எடுத்து, எங்கே ஆட்டம் பெருகும், எங்கே மணல் குழம்பும் என்று வரைபடம் போடுவதைத்தான் மைக்ரோசோனேஷன் என்கிறார்கள். 1997 நடுக்கத்துக்கு அப்புறம் ஜபல்பூருக்குச் செய்தார்கள், குவாஹாத்திக்கு, டெல்லிக்கு, பெங்களூருக்குச் செய்தார்கள். என்னைக் கேட்டால் வீடு விற்கிறவர்கள் ஒவ்வொருவரும் அந்த வரைபடத்தில் தங்கள் மனை எங்கே இருக்கிறது என்று காட்டியே ஆக வேண்டும். ஆனாலும் ஊர் வரைபடம் உன் மனைக்குப் போட்ட துளைக்கு ஈடாகாது.

அதனால் மாப்பிள்ளையை மண் ரிப்போர்ட்டைக் கேட்கச் சொல். மாதிரிப் பக்கம் வேண்டாம், முழு ரிப்போர்ட். உங்கள் டவர் நிற்கும் இடத்துக்குள்ளே எத்தனை துளை, எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பெரிய வளாகத்தில் ஓரத்தில் நான்கு துளை போட்டு எல்லா டவருக்கும் அதையே காட்டுவது உண்டு. நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் இருந்தது, எந்த மாதத்தில் பார்த்தது என்று பாருங்கள். மே மாதத்தில் எடுத்திருந்தால் மழைக்குப் பிறகு நீர் மேலே ஏறும், அதை அவர்கள் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். மணல் குழம்புமா என்று தனியாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பைல், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண், போட்டிருந்தால், மேலடுக்கு மணல் பிடிமானத்தை விட்டுவிட்டாலும் கீழே உள்ள கெட்டி மண் மட்டுமே பாரத்தைத் தாங்கும்படி கணக்கிட்டார்களா என்பதும் முக்கியம்.

துளையே போடாமல் அறையில் உட்கார்ந்து எழுதிய ரிப்போர்ட்டையும் நான் பார்த்திருக்கிறேன். கோபம் வரும். ஆற்றுப் படுகையில் இரண்டு துளை ஒரே மாதிரி இருக்காது. எல்லாத் துளையிலும் அடி எண்ணிக்கை 12, 15, 18, 21 என்று அழகாக ஏறிக்கொண்டே போனால், எல்லாவற்றிலும் நீர்மட்டம் ஒரே அளவில் இருந்தால், சந்தேகப்படு.

அப்புறம் நீ போனில் ஒன்று சொன்னாய், நம் வீடு நூறு வருஷமாக நிற்கிறதே, அந்தக் காலத்தில் யார் மண் பரிசோதனை செய்தார்கள் என்று. நம் வீட்டின் மேல் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அந்தப் பர்மாத் தேக்குத் தூண்களை உன் ஐயாவின் அப்பச்சி கப்பலில் கொண்டுவந்தார். செம்புராங்கல் மண்ணும், உயரமாக எழுப்பிய அடித்தளமும் நல்ல காரியங்கள்தான். ஆனால் இத்தனை தடிமனான சுவரும் மேலே இவ்வளவு பாரமும் ஒரு பலத்த நடுக்கத்தைப் பார்த்ததே இல்லை. மகாராஷ்டிரத்தில் கிள்ளாரிப் பக்கமும் மக்கள் இப்படித்தான் நம்பினார்கள். அப்போதைய வரைபடத்தில் அது ஒன்றாம் மண்டலம், எல்லாவற்றிலும் பயமில்லாத மண்டலம். 1993 செப்டம்பர் 30 விடிகாலையில் 6.2 அளவு நடுக்கத்தில் தடித்த கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்து பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். 2002-ல் அந்த ஒன்றாம் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். ஆகையால் நம் வீட்டை உன் டவருக்குச் சாட்சியாகக் கொண்டுவராதே. இங்கே நாங்கள் இரண்டாம் மண்டலத்தில் கெட்டித் தரையில் இருக்கிறோம், நீ அப்படி இல்லை.

வாங்காதே என்று சொல்வதற்காக இவ்வளவும் எழுதவில்லை. மெக்சிகோவில் அதே ஏரிக் களிமண் மேல் 1956-ல் கட்டி முடித்த 44 மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது, டோரே லத்தீனோஅமெரிகானா என்று பெயர். மண்ணை முதலில் ஆராய்ந்து, ஆழத்தில் கெட்டி அடுக்கு வரை பைல் இறக்கிக் கட்டினார்கள். 1985 நடுக்கத்தில் சுற்றிலும் கட்டடங்கள் விழுந்தபோது அது நின்றது. உன் டவரையும் அப்படிக் கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் காகிதம் இருக்கும்.

இன்னும் ஒன்று, தரைத்தளம் முழுக்கத் தூண் மட்டும் நிறுத்தி வண்டி விடும் இடமாக வைத்திருக்கிறார்களா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. 2001 குஜராத் நடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி அகமதாபாத்தில் விழுந்தவற்றில் நிறைய அப்படித் திறந்த தரைத்தளக் கட்டடங்கள், அதுவும் சபர்மதி வண்டல் மேல்.

ரிப்போர்ட் கிடைத்ததும் எல்லாப் பக்கத்தையும் வாட்ஸப்பில் அனுப்பு. துளைப் பட்டியலின் எழுத்து பொடியாக இருக்கும், ஒவ்வொரு பக்கமாக நேராகப் படம் எடு. நான் ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் பேசுகிறேன். தர மாட்டோம் என்று சொன்னால் முன்பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு எனக்குச் சொல், அதே பகுதியில் வேறு இடம் பார்க்கலாம். ஆத்தா சீப்புச் சீடையும் மாவுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறாள், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும்.

அன்புடன்,
அப்பச்சி