நகரத்துக்குள் இருக்கும் சபைப் பள்ளிகளைக் கைவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆங்கில வழி மோகம், பிறப்பு குறைந்தது, வசதி வந்த குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தது என்று கட்டுரையாளர் அடுக்கிய காரணங்களில் எனக்கு மறுப்பில்லை. இத்தனை குறைந்த பிறகும் அந்த வகுப்பறைகளில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் "இனி இந்தப் பள்ளிகள் தேவையா" என்று முடித்துவிட்டார்.

நாகர்கோவில் நகருக்குள் உள்ள ஒரு கிறித்தவ உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். சபையைச் சேர்ந்தவள் அல்ல, இந்து. அந்தப் பள்ளியில் இருந்த காலம் முழுவதும் என் நெற்றிக் குங்குமத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மதம் மாற்றத்தான் இந்தப் பள்ளிகள் நடக்கின்றன என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதை நான் சொல்கிறேன். கோட்டாறு சந்தையில் மூட்டை சுமப்பவர்களின் பிள்ளைகள். வடசேரி பஸ் நிலையத்தைச் சுற்றிப் பூவும் கடலையும் விற்பவர்களின் பிள்ளைகள். துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகள், தமிழ் தெரியாமல் வந்து ஒரே வருடத்தில் நம்மூர் வட்டாரப் பேச்சில் சண்டை போடக் கற்றுக்கொள்பவர்கள். தகப்பன் குடித்தே போய்ச் சேர்ந்துவிட, தாய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வளர்க்கும் பிள்ளைகள். இவர்களில் பலருக்குச் சேர்க்கையின்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்படியிருந்தும் வேறிடங்களில் "முதலில் ஆதார் எடுத்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் தலைமையாசிரியை முதலில் பெயரை எழுதிப் பிள்ளையை உள்ளே உட்காரவைப்பார், காகிதத்துக்குப் பிறகு அலைவார். பத்து மணிக்கு மேலும் வராத பிள்ளையைத் தேடிச் சந்தைக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது சத்துணவுக் கணக்கு. வெள்ளிக்கிழமை அது மிஞ்சும், திங்கட்கிழமை பற்றாது. சனியும் ஞாயிறும் அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதைத் திங்கட்கிழமைத் தட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். காலை வேளை இன்னும் மோசம். இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆசிரியைகள் தங்கள் பையில் பன்னும் பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்ததோ 2025 ஆகஸ்டில். குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஒரே தெருவில் ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் பொங்கல் கிடைத்தது, எதிர்ப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைக்குப் பசிக்காது என்று யார் தீர்மானித்தார்களோ! இப்போதாவது வந்ததே என்பதில் எனக்கு நன்றி உண்டு. கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் உதவித்தொகையிலும் இதே கதைதான். 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு வந்தது, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி படித்த மாணவிகளுக்கு 2024 டிசம்பர் இறுதியில்தான் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இன்றும் உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு இல்லை. பாடநூலும் கட்டணமும் சம்பளமும் அரசுப் பள்ளியைப் போலவேதான் இருக்கின்றன, பிள்ளையின் வீட்டு ஏழ்மையும் அப்படித்தான்.

அரசைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. பள்ளியை நடத்தும் நிர்வாகங்களிடமும் எனக்குக் கேள்வி இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

இந்த மாவட்டத்தில் மிஷன் பள்ளிகள் யாருக்காகத் திறக்கப்பட்டன என்பது ஊரறிந்த செய்தி. 1806-இல் லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்தில் இங்கே பெரும்பாலான சாதிகளின் பிள்ளைகளுக்கு எழுத்து எட்டாத தூரத்தில் இருந்தது. பெண்கள் தோளில் சீலை போடுவதற்கே 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. பின்னால் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸை விற்ற பணம் பெண்கள் விடுதிப் பள்ளியை நடத்த உதவியது. லண்டன் மிஷன், கத்தோலிக்கத் துறவற சபைகள், இரட்சணிய சேனை எல்லாம் சேர்ந்து போட்ட அடித்தளத்தில்தான் 2011 மக்கள்தொகைக் கணக்கில் 91 சதவீதத்துக்கு மேல் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தப் பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கட்டணப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை. அவர்கள் விட்டுப்போன பெஞ்சில் இன்று உட்கார்ந்திருப்பது அவர்களுடைய தாத்தா பாட்டி அன்று இருந்த நிலையில் இருக்கும் பிள்ளை. பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நடப்பதோ வேறு. ஒரே வளாகத்தில் முன்பக்கம் சுயநிதிப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது, பின்பக்கம் உதவிபெறும் பள்ளியின் ஓடு ஒழுகுகிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்துவிடுகிறது. கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. நான் இருந்த பள்ளியில் ஒரு கழிப்பறைக் கதவைச் சரிசெய்ய மனு மேல் மனு போட்டோம். தாளாளர் மாறினார், கதவு மாறவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அதற்காகவே மதியம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், பலர் திரும்ப வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் இது "பெற்றோரின் அக்கறையின்மை" என்று ஏறும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்தினால் எந்தப் பெற்றோர் புதிதாகச் சேர்ப்பார்? எண்ணிக்கை மேலும் குறையும், இருக்கும் ஆசிரியரும் உபரியாவார். கடைசியில் எஞ்சுவது நகரத்தின் நடுவில் நல்ல விலை போகும் ஒரு மனை. அதில் வணிக வளாகம் கட்டும் யோசனை எந்தக் கூட்டத்திலும் எழவில்லை என்று எந்த நிர்வாகமாவது சொல்லுமா?

பணமில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆலயத்தின் அறுப்பின் பண்டிகை (அறுவடைத் திருநாள்) ஏலத்தில் ஒரு பலாப்பழம் ஆயிரக்கணக்கில் போவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டிருக்கிறேன். ஊர் முழுவதற்கும் அசனம் என்ற பொது விருந்து போடுகிறார்கள், மனதாரப் போடுகிறார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன். இந்தப் பள்ளிகளில் படித்து வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் சொந்த ஊர் ஆலயக் கோபுரத்துக்கு அனுப்புவதில் ஒரு பங்கைப் பள்ளிக்கு அனுப்பினாலே கதவும் ஓடும் சரியாகிவிடும். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஏழை மாணவர் சேர்க்கை கட்டாயமில்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், சுயநிதிப் பள்ளி நடத்தும் சபைகள் அதே வளாகத்தின் தொடக்கப் பள்ளியில் ஐந்து முடித்த பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பில் கட்டணமில்லா இடம் கொடுப்பதை யார் தடுத்தார்கள்?

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஜூன் மாதச் சேர்க்கை தொடங்கும் முன் நகரத்துக்குள் உள்ள உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு செய்தியாளரை அனுப்புங்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதோடு அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா என்பதையும் எழுதட்டும். தாளாளர்களிடம் பதில் வாங்கிப் போடுங்கள். ஆகஸ்ட் 1 கணக்கெடுப்புக்கு முன் அது வந்தால் பயன் இருக்கும், அதன் பிறகு வந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
நாகர்கோவில்.