கோயில் மேட்டில் வெட்டிவேர்

சுங்கை சிப்பூட்

அன்புள்ள முனியாண்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முட்டிவலி அப்படியேதான். மகள் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். மற்றபடி குறையில்லை.

வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது, சுவர் எழுப்பப் போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. நம் மாரியம்மன் கோயில் மேடு ஞாபகம் இருக்கிறதா? பால்மரத்தை (ரப்பர்) அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டதிலிருந்து மழைக்கு மழை செம்மண் கரைந்து மடைப்பள்ளி வாசலில் வந்து நிற்கும். போன வருஷம் அங்கே வெட்டிவேர்ப் புல் நட்டோம்.

முதல் தடவை நான்தான் கெடுத்தேன். ரம்புத்தான் மரத்தடியில் ஒரு வரிசை வைத்தேன். நூலாக இளைத்துப் போனது. அதற்கு நல்ல வெயில் வேண்டும். அடுத்த முறை, தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்து மட்டம் பார்த்து, சரிவுக்குக் குறுக்கே 10, 15 செண்டிமீட்டருக்கு ஒரு நாற்றாக நெருக்கி நட்டோம். இடைவெளி விட்டால் தண்ணீர் அந்த இடுக்கிலேயே பாய்ந்து குழி பறித்துவிடும்.

நவம்பர் மழை விட்டதும் குனிந்து பார்த்தேன். வரிசைக்கு மேல்பக்கம் ஒரு சாண் வண்டல், அதில் செம்பனைக் கொட்டையும் ஒரு சூட டப்பாவும்! கீழே தெளிந்த தண்ணீர். புல் தண்ணீரை மறிப்பதில்லை, வடிகட்டி விடுகிறது. மண் சேரச் சேரப் புல்லும் மேலேறி வளர்கிறது.

வேர் பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டர்கூட நேரே இறங்கும். மலேசியாவில் அதைச் சோதித்த தாய்லாந்துப் பொறியாளர் டித்தி ஹெங்சாவனிச், வேரின் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் பலம், சராசரி 75 மெகாபாஸ்கல், மென் எஃகின் ஆறில் ஒரு பங்கு என்று 1996-ல் கணக்குச் சொன்னார். ஆயா தண்ணீர்ப் பானையில் போட்டுவைத்த அதே வேர்தான்டா! பெயரைக்கூட உலகம் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) செராய், அதாவது எலுமிச்சைப் புல், என்று நினைத்து ஒரு தூரைப் பிடுங்கிப் போய்விட்டார். குழம்பில் வாசமே வரவில்லையாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். 2022-ல் சிலாங்கூர் பத்தாங் காலியில் 31 பேரைக் கொண்டுபோன மாதிரி பெரிய மண்சரிவைப் புல் தடுக்காது. மேட்டில் வெடிப்பு தெரிந்தால் முதலில் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டு. கூரைத் தண்ணீரையும் அந்தப் பக்கம் விடாதே, கால்வாய்க்குத் திருப்பு.

நம் ஊர் ரகம் விதை வைக்காது, தூர் பிரித்துத்தான் நடணும். தைப்பூசத்துக்கு வரும்போது ஒரு கோணி கொண்டுவா. 50 நாற்றாவது பிரித்து ஈரத்துணியில் சுற்றித் தருகிறேன்.

அன்புடன்,
சின்னையா