செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பண்டிட் பிரிஜ் பூஷண் காப்ரா நினைவு ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது ஹவாயன் கிட்டார் ரசிகர் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு முழுவதையும், மடியில் கிடத்தி உருளையை இழுத்து வாசிக்கும் இந்தக் கிட்டாரில் ஹிந்துஸ்தானி ராகம் வாசித்த காப்ரா அவர்களின் நினைவுக்கு ஒதுக்குவதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். படத்திறப்பு, சிறப்பு மலர் என்று செலவழிப்பதைவிட, உறுப்பினர்களின் வீடுகளில் சும்மா கிடக்கும் கிட்டார்களை ராகம் வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதும், அவருடைய கச்சேரிகளின் நினைவுகளையும் பதிவுகளையும் கெடாமல் காப்பதுமே அவருக்குச் செய்யும் மரியாதை என்று செயற்குழு முடிவெடுத்தது. எனவே இந்த அறிக்கையில் கூட்டங்களைப் பற்றிய செய்தி குறைவாகவும் கருவிகளைப் பற்றிய செய்தி கூடுதலாகவும் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சில வரிகள். காப்ரா 1937இல் ஜோத்பூரில் பிறந்தவர். 2018 ஏப்ரல் 12 அன்று அகமதாபாத்தில் காலமானார். அண்ணன் தாமோதர் லால் காப்ரா சரோத் கலைஞர். இருவருக்கும் குரு உஸ்தாத் அலி அக்பர் கான். ஹவாய்த் தீவைச் சேர்ந்த டாவ் மோ குடும்பத்தார் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்த காலத்தில் அந்த ஊரில் மடிக் கிட்டார் நன்கு பரவியது. ஆனால் அதில் வாசிக்கப்பட்டது பெரும்பாலும் ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும்தான். தாளமில்லா ஆலாப், லயம் கூடும் ஜோட், விரைந்து முடியும் ஜாலா என்று ஒரு ராகத்தை முழுமையாக இந்தக் கருவியில் வாசிக்க முடியும் என்பதை மேடையில் நிலைநாட்டியவர் காப்ரா. மெட்டே (குறுக்குக் கம்பி) இல்லாத எஃகுத் தகட்டின் மேல் நகத்தால் அழுத்தி இழுப்பது சரோத். அந்த வழியில் பாடம் கேட்டவருக்கு, தந்தியின் மேல் இரும்பு உருளையை இழுத்து மீண்ட் (ஸ்வரங்களுக்கிடையே அறுபடாத வழுக்கல்) கொண்டுவருவது இயல்பாகவே கூடியது. அவர் கையாண்டது கிப்சன் சூப்பர் 400. 1934இல் 400 டாலர் விலைக்கு வந்ததால் அந்தப் பெயர். பெரிய உடலும் வளைந்த மேற்பலகையும் கொண்ட ஜாஸ் கிட்டார் அது. அதில் நட்டை (கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு) உயர்த்தினார், சுருதித் தந்தி ஒன்றைக் கூட்டினார், கிடையாக மடியில் வைத்தார். வலது கையில் ஒரு கட்டைவிரல் பிக் (மீட்டுவதற்கு விரலில் மாட்டுவது), இரண்டு விரல் பிக். மாற்றம் இவ்வளவுதான்.

ஏப்ரல் 12 நினைவுக் கூட்டத்தில் ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டை முழுமையாகக் கேட்டோம். 1967இல் சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், மாணிக்ராவ் போபட்கரின் தபலா ஆகியவற்றோடு காப்ரா வாசித்தது. ஆஹிர் பைரவ், நட் பைரவ், பீலு, பூப், தேஸ், பஹாடி என்று காலையிலிருந்து இரவு வரை போகிறது. கர்நாடக இசைப் பழக்கமுள்ளவர்கள் ஆஹிர் பைரவைச் சக்ரவாகத்தோடும், நட் பைரவைச் சரசாங்கியோடும், பூப்பை மோகனத்தோடும் வைத்துக் கேட்டால் பிடி கிடைக்கும். தபலா தவிர்த்த மூன்று கருவிகளில் சந்தூர் தட்டி வாசிப்பது, ஸ்வரங்கள் தனித்தனியாக விழும். குழலுக்கு மூச்சு விட இடைவெளி வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஸ்வரத்தை அறுபடாமல் இழுத்துக் கொண்டுபோகும் வேலை கிட்டாருக்கு. அடுத்த முறை கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்குமாறு வேண்டுகிறேன்.

கூடவே வாசித்துப் பழகுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பிளேயரின் பெல்ட் தளர்ந்து வேகம் 1 சதவீதம் மாறினாலே சுருதி ஏறத்தாழ 17 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) நகர்ந்துவிடும். இசைத்தட்டோடு சேரவில்லை என்று கிட்டாரைத் திருகுவதற்கு முன் பிளேயரின் வேகத்தைப் பாருங்கள்.

அவரை நேரில் கேட்ட மூத்த உறுப்பினர்களின் நினைவுகளை எழுத்தில் வாங்கத் தொடங்கியுள்ளோம். அதற்கென அச்சிட்ட படிவத்தில் ஊர், அரங்கு, ஆண்டு, ராகம், தாளம், தபலா வாசித்தவர், ஒலிபெருக்கி இருந்ததா என்ற கேள்விகள் உள்ளன. நேரில் கேட்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும். ஆண்டு நினைவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். உத்தேசமாக எழுதிய ஆண்டு அடுத்த கையில் உறுதியான ஆண்டாக மாறிவிடுகிறது.

கச்சேரி கேசட்டுகளை எண்மப் பதிவாக மாற்றும் பணிதான் அதிக நேரம் எடுத்தது. பழைய கேசட்டை நேராக ஓட விடக்கூடாது. முதலில் ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்ற வேண்டும். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் அப்போதுதான் விடுபடும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அதை மற்ற கேசட்டுகள் ஓடும் டெக்கில் போடாதீர்கள். கடலோரக் காற்றில் இது சாதாரணமாக வரும், ஒரு கேசட்டிலிருந்து அடுத்ததற்கும் தொற்றும். ஒலி திடீரென்று மங்கினால் நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டில் அழுத்தும் சின்னத் திண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும். திருகு போட்ட புதுக் கேசட் கூடு ஒன்றில் நாடாவை மாற்றி வைத்தால் போதும். அடுத்தது ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த டெக்கின் சாய்வும் நம் டெக்கின் சாய்வும் ஒன்றாக இராது. ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி, தபலாவில் விளிம்பில் விழும் ‘நா’ எங்கே மிகத் துல்லியமாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இரண்டு சானலையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் அந்த இடம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

டேப்பின் வேகத்தைச் சரிபார்க்கப் பின்னணியில் கேட்கும் மின்சார இரைச்சலை நம்பலாமா என்று சிலர் கேட்டனர். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 51.5இல் நின்றால் டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அதாவது அரை ஸ்வரத்தில் பாதி அளவு சுருதி ஏறியிருக்கிறது என்பது கணக்கு. ஆனால் அந்தக் காலத்தில் நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணே 50இல் நிலையாக நிற்கவில்லை. ஒரே டேப்புக்குள் வேகம் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம். சுருதி எதுவானாலும் அட்டையில் ‘கேட்டபடி’ என்றே குறிக்கிறோம். இந்தப் பதிவுகளை உறுப்பினர்கள் சங்க அறையில் கேட்கலாம். கலைஞர்களின் குடும்பத்தார் அனுமதியின்றி யாருக்கும் பிரதி கொடுப்பதில்லை என்ற தீர்மானம் தொடர்கிறது.

இனிக் கருவிப் பட்டறை. கொண்டுவரப்பட்ட கிட்டார்கள் பெரும்பாலும் சாதாரணத் தட்டைக் கிட்டார்கள். அவற்றுக்கு நட்டின் மேல் மாட்டும் எஃகு உறை போதும். தந்தி மெட்டுப்பலகையிலிருந்து 10 மில்லிமீட்டர் அளவுக்கு எழும். நட்டை மட்டும் உயர்த்திவிட்டு பிரிட்ஜை (உடலின் மேல் தந்திகள் அமரும் பகுதி) அப்படியே விடுவது பலரும் செய்வது. பிரிட்ஜில் தந்திகள் வளைவாக அமர்ந்திருக்கும். நேரான உருளையை வைத்தால் நடுத் தந்திகள் மட்டும் தொடும், ஓரத் தந்திகள் அதிரும். பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடிலை எடுத்துவிட்டு, உச்சி தட்டையாக ராவிய எலும்புத் துண்டைப் போட வேண்டும். காப்ராவின் கிட்டார் போன்ற வளைந்த மேற்பலகைக் கருவி வைத்திருப்போர் பிரிட்ஜை அளவுக்கு மீறி உயர்த்த வேண்டாம். தந்திகளின் கடைமுனையைப் பிடிக்கும் வால்துண்டிலிருந்து ஏறும் கோணம் கூடக்கூட மேற்பலகையின் மீது அழுத்தமும் கூடும், நாளடைவில் பலகை உள்வாங்கிவிடும்.

முதல் தந்தி 016 அளவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு தடிமன்) இருக்கட்டும்; மற்றவை 018, 026, 036, 046, 056. மெல்லிய தந்தி போட்டால் உருளையின் எடையில் தந்தி அமுங்கி ஸ்வரம் ஏறிவிடும், ஆலாப்பில் நின்ற ஸ்வரம் நிற்காது. கடைசி மூன்றுக்கும் வழவழப்பான சுற்றுத் தந்தி கிடைத்தால் வாங்குங்கள். மீண்டில் ‘சர்’ என்ற உரசல் பெருமளவு குறையும். உருளை முக்கால் அங்குல விட்டம், 3 அங்குல நீளம்; எஃகில் ஏறத்தாழ 170 கிராம் வரும். குழாயை அறுத்துச் செய்த இலகுவான உருளைகளைப் பட்டறையில் ஒதுக்கிவைத்தோம். எடை குறைந்தால் கை அழுத்தும், கை அழுத்தினால் சுருதி போகும். வியர்வைக் கையோடு வாசித்து முடித்ததும் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். துருப்பிடித்த ஒரு புள்ளி போதும், உருளை அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கும்.

சுருதித் தந்தி கூட்ட விரும்பியவர்களுக்குக் கழுத்தில் துளை போட வேண்டாம் என்று சொன்னோம். தடித்த ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 011 தந்தியை மேல் ஷட்ஜத்துக்குக் கூட்டினால், கட்டைவிரலுக்கு நேர் எதிரே சிகாரி, அதாவது சுருதி ஒலிக்க இடையிடையே மீட்டும் தந்தி, கிடைக்கிறது. தடித்த தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் மெல்லிய தந்தி ஆடும். எலும்புத் தூளும் சயனோ பசையும் கலந்து பள்ளத்தை அடைத்து, புதிதாக மெல்லிய பள்ளம் இழுக்க வேண்டும். உருளையின் நுனி ஐந்தாம் தந்தியைத் தாண்டாமல் நிற்கப் பழகுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். விஷ்வ மோகன் பட் உருவாக்கிய மோகன் வீணையின் 20 தந்திகளையும், காப்ராவின் சீடர் தேபாஷிஷ் பட்டாச்சார்யா உருவாக்கிய சதுரங்குயி என்ற கிட்டாரையும் பார்த்துவிட்டு இளைஞர்கள், தானாக அதிர்ந்து ஒலிக்கும் தரப் தந்திகள் கேட்கிறார்கள். அவை அதற்கென்றே கட்டப்பட்ட கருவிகள். கடையில் வாங்கிய கிட்டாரில் பன்னிரண்டு தந்திகளைக் கூட்டினால் அந்த இழுவையைப் பிரிட்ஜ் தாங்காது. ஒற்றைச் சிகாரியோடு ஒரு ராகத்தை நிறைவாக வாசித்துவிட்டு அடுத்த படிக்குப் போவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பில் தடித்த தந்தியிலிருந்து ச-ப-ச-க-ப-ச என்ற சுருதிக் கூட்டையே இரண்டு கட்டைச் சுருதியில் (மேற்கத்திய D) பின்பற்றினோம். சிகாரி போட்டவர்களுக்கு முதல் ச மேல் ஷட்ஜமாக இருக்கும். இதில் வரும் அந்தர காந்தாரம் எல்லா ராகத்துக்கும் ஒத்துவராது. மால்கௌன்ஸ், அதாவது நம் ஹிந்தோளம், வாசிக்கும்போது பஞ்சமத் தந்திகள் இரண்டையும் மத்திமத்துக்கும், காந்தாரத் தந்தியைச் சாதாரண காந்தாரத்துக்கும் இறக்க வேண்டும். தொடாத தந்தியும் தானாக அதிர்ந்து ஒலிக்கும் என்பதால், ‘அந்தத் தந்தியை மீட்ட மாட்டேன்’ என்பது தீர்வாகாது. உருளைக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியின் மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கத் தந்தியும் சேர்ந்து முனகும். மேல் ஸ்தாயியில் இடம் நெருங்கிவிடும். 25.5 அங்குல நீளக் கருவியில் முதல் அரைஸ்வரம் 36 மில்லிமீட்டர், பன்னிரண்டாம் மெட்டை ஒட்டிய அரைஸ்வரம் 19தான். அங்கே 1 மில்லிமீட்டர் விலகினால் 5 சென்ட் போகும். மெட்டுக் கம்பியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும், நேர் மேலிருந்து பாருங்கள். பூப் போன்ற ராகத்தில் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கும் மீண்டை மட்டும் தினமும் தம்பூராவோடு வாசித்து வந்தவர்களின் கை ஆண்டு முடிவில் தெளிவாகத் திருந்தியிருந்தது.

உறுப்பினர்கள் வாசித்த நினைவுக் கச்சேரியில் இரண்டு சிக்கல்கள் எழுந்தன. தபலா ஒன்றரைக் கட்டையில் வந்தது. கிட்டார்களை அரைக் கட்டை இறக்கியதும் தந்திகள் தளர்ந்து உருளை அமுங்கியது. இனிச் சுருதியை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்போம். இன்னொன்று, மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் தொட்டதும் ஒலிபெருக்கி ஊளையிட்டது. அந்த ஸ்வரம் 110 ஹெர்ட்ஸ். கிட்டார்ப் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஏறத்தாழ அதே இடத்தில் அதிரும். துளையை ரப்பர் மூடியால் அடைத்து, மிக்சரில் அந்த இடத்தைக் குறுகலாக வெட்டியதும் நின்றது. காந்த பிக்கப்பில் வந்த ‘கர்’ ஒலிக்கு மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம். விசிறியை முழு வேகத்தில் வைப்பதோ நிறுத்துவதோ தவிர வேறு வழியில்லை. மடியில் வைத்த கிட்டாரின் முகம் மேல்நோக்கி இருப்பதால் மைக்கை மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாக வையுங்கள், பிரிட்ஜிலிருந்து ஒரு சாண் தள்ளி. துளைக்கு நேராக வைத்தால் ‘பொம்’ என்ற ஒலி மட்டுமே மிஞ்சும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். மலருக்கு ஒதுக்கியிருந்த தொகை பட்டறைக் கருவிகளுக்கும் கேசட் டெக் பழுதுக்கும் மாற்றப்பட்டதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை. வரும் ஆண்டில் கேசட் பணியைத் தொடரவும், தட்டை சேடில்களும் எஃகு உறைகளும் சங்கத்தில் இருப்பு வைத்து அடக்க விலைக்கே வழங்கவும், நினைவுப் படிவங்களைத் தொகுத்து ஒரு கோப்பாக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. படிவம் தர வேண்டிய மூத்த உறுப்பினர்கள் தாமதிக்க வேண்டாம். எழுதச் சிரமப்படுபவர்கள் சொன்னால் வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்கிறோம்.

பட்டறைக்கு இடம் தந்தவர்களுக்கும், டெக்கை இரவல் தந்தவர்களுக்கும், வகுப்பெடுத்த ஆசிரியர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, மேற்கண்ட பரிந்துரைகளுக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்