நிறுத்தம் வரை நடக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக வளாகங்களுக்குள் ஓடும் சுற்றுப் பேருந்துகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை பேருந்துகள், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்குகளே முன்னால் வருகின்றன. பேருந்தில் ஏற வேண்டியவர் தம் வகுப்பறை வாசலிலிருந்து நிறுத்தம் வரை எப்படி வந்து சேருகிறார் என்று கேட்பாரில்லை.

நிறுத்தத்தை மையமாக வைத்து 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதனுள் அடங்கும் கட்டடங்களுக்கெல்லாம் பேருந்து வசதி உண்டு என்று கொள்வது திட்டமிடுவோரிடம் உள்ள பரவலான வழக்கம். உடல் நலமுள்ளவருக்கு அது ஏறக்குறைய ஐந்து நிமிட நடை. ஆனால் நடப்பவர் வேலியையும் சுவரையும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. நான் பாடம் நடத்தும் கட்டடத்திலிருந்து நிறுத்தம் கூப்பிடு தூரம்தான். சன்னலில் நின்றால் பேருந்து வருவது தெரியும். இடையிலுள்ள வேலியின் சிறுகதவு மாலை 6 மணிக்கே பூட்டப்பட்டுவிடுவதால், ஆய்வகப் பணி முடித்து வரும் மாணவியர் விளக்கில்லாத சாலையோரமாக வெகுதூரம் சுற்றி வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே பேருந்து கிளம்பிப் போவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

சக்கர நாற்காலியில் வருவோரின் நிலை இன்னும் கடினம். சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற அளவுக்கு, மேல் போகக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதன்படி 15 செ.மீ. உயர நடைமேடைக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. எங்கள் நிறுத்தத்தில் இருப்பதோ அரை மீட்டர்கூட இல்லை. தாழ்தளப் பேருந்தே வந்து நின்றாலும், பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிடாமல் மாணவர் அதன் கதவை அடைய முடியாது. பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தடம் அறிவதற்கான புடைப்பு ஓடுகள் ஜப்பானின் ஒகயாமா நகரில் 1967-இலேயே பதிக்கப்பட்டுவிட்டன. இங்கே அவை நிழற்குடையின் அடியில் மட்டும் சில வரிசைகள் கிடக்கின்றன. அந்த நிழற்குடை வரை வழிகாட்டிக் கூட்டிவர ஓர் ஓடுகூட இல்லை.

ஆகவே, ஒவ்வொரு நிறுத்தத்துக்குமான தூரத்தைக் கட்டட வாசலிலிருந்து உண்மையான நடைபாதை வழியே அளக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரையும் கோலூன்றி நடப்பவரையும் உடன் அழைத்துச் சென்று, பகலில் ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் அளக்க வேண்டும் என்று வளாக நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சாய்தளத்துக்கும் விளக்குகளுக்கும் நிதி ஒதுக்கக் காலம் பிடிக்கலாம். கடைசிப் பேருந்து புறப்படும் வரை அந்தச் சிறுகதவைத் திறந்து வைப்பதை இந்த வாரமே செய்யலாம்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர்