அக்கா வீட்டு ஓவன் வெளியே வந்த கதை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து படி ஏறி இறங்குகிறாய் என்று வாசித்ததும் மனசு ஆறியது. ஆனால் தோட்டத்தில் குந்தியிருந்து புல் பிடுங்குவதாகவும் எழுதியிருக்கிறாய். அது டொக்டர் சொன்னதா, நீயாகத் தொடங்கியதா? உன்னைத் தெரிந்தவன் என்றபடியால் கேட்கிறேன்.

இங்கே மழை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. படுவான்கரைப் பக்கம் பெரும்போக அறுவடை நடக்கிறது. அறுவடை மெஷின்கள் ரோட்டில் வந்தால் பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் வரிசையாக ஊர்கின்றன. காகித ஆலையில் நாம் வேலை செய்த காலத்தில், ஆலைக்கு வைக்கோல் கொண்டுபோகும் லொறிக்குப் பின்னால் வாழைச்சேனைக்குப் போனது ஞாபகம் வந்தது. இப்போது அந்த வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வீட்டு ஓவனைக் கழற்றிய கதையை உன் தங்கச்சி உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறாள். "சுவரை உடைத்தார்களாமே" என்று எழுதியிருக்கிறாய். சுவரும் உடையவில்லை, கிரனைட்டும் உடையவில்லை. முழுதாகச் சொல்கிறேன், கேள்.

அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்து வீட்டைத் திருத்தியபோது குசினியையும் அங்கத்தைய மாதிரியில் மாற்றினான். வரிசையாகப் பென்ட்ரி கபட், மேலே கிரனைட், கீழே கபட்டுக்குள் பதித்த ஓவன். பார்க்க வடிவுதான். ஆனால் அக்கா அதைப் பாவித்தது நத்தாருக்குக் கேக் அடிக்கவும், பேரப்பிள்ளைகள் வந்தால் கோழி வாட்டவும் மட்டும். 2022 இல் ஒரு கட்டத்தில் 13 மணி நேரம் கரண்ட் நின்றதே, அந்த நாட்களில் அவ ஓவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் சிரட்டைத் தணல் போட்டுத்தான் கேக் வேக வைத்தா. உண்மையைச் சொன்னால் அந்தக் கேக்குத்தான் ருசி. இதை அவவுக்கு எழுதிவிடாதே.

போன நத்தாருக்கு ஓவனைப் போட்டதும் வீடு முழுக்க ட்ரிப் ஆனது. மேலேற்றினால் திரும்பவும் விழுகிறது. ஓவன் செத்துவிட்டது, கழற்றி எறிந்து புதிது வாங்குவோம் என்றான் அக்காவின் மருமகன். பொறு என்றேன். இதன் சங்கதி உனக்கு உடனே விளங்கும், ஆலையில் மோட்டர்களில் பார்த்ததுதான். ஓவனுக்குள் இருக்கும் சுருள் வெறும் கம்பி இல்லை. வெளியே உலோகக் குழாய், நடுவில் சூடாகும் கம்பி, இரண்டுக்கும் இடையில் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள். அந்தத் தூள்தான் கரண்ட்டைக் குழாய்க்குப் போகவிடாமல் தடுப்பது. மாதக்கணக்கில் சூடாக்காமல் விட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஈரம் ஏறினால் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக எர்த்துக்குக் கசியும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். ஆகவே சுவிட்சில் குற்றமில்லை. மேல் சுருளும் காற்றாடிச் சுருளும் தனியே போட்டால் வேலை செய்தன, கீழ்ச் சுருளைப் போட்டால்தான் விழுந்தது. இந்த மாடலில் கீழ்ச் சுருள் ஓவனின் அடித்தகட்டுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே கையை விட்டு எடுக்க முடியாது. முழு ஓவனும் வெளியே வந்தால்தான் உண்டு.

வெளியே எடுப்பது பெரிய வேலை இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கதவைத் திறந்தால் முன் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஸ்குரூ தெரியும், அதைக் கழற்றிவிட்டு இழுத்தால் ஓவன் வந்துவிடும். ஒழுங்காகப் பூட்டியிருந்தால் அப்படித்தான். இது அசையவே இல்லை. மருமகன் கைபிடியில் பிடித்துக் காலைக் கபட்டில் ஊன்றி இழுக்கத் தொடங்கினான். விடு என்று கத்தினேன். கைபிடி இருப்பது கதவில், கதவு இருப்பது இரண்டு கீலில், நடுவில் முழுக் கண்ணாடி. அதைப் பிடித்து ஓவனை இழுத்தால் ஓவன் இருக்குமிடத்தில் இருக்கும், கண்ணாடி கைக்கு வரும்.

நான் முதலில் செய்தது மெயின் சுவிட்சை இறக்கியதுதான். பிளக் ஓவனுக்குப் பின்னால் சுவரோடு இருந்தது, கழற்ற வழியில்லை. அன்றைக்கு எங்கள் பக்கம் கரண்ட் நின்றிருந்தது, "கரண்ட்தான் இல்லையே" என்றான் மருமகன். அது எந்த நிமிஷம் வருமென்று யாருக்குத் தெரியும்? கரண்ட் இல்லாத நேரத்திலும் மெயினை இறக்கிவிட்டு, யாரும் தொடாதபடி அக்காவைப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்க வைத்தேன். அவ தேத்தண்ணி குடித்துக்கொண்டு காவல் இருந்தா.

அடுத்தது கதவு. உள்ளிருந்த தட்டு, கம்பி எல்லாம் எடுத்தோம். கதவை முழுக்கத் திறந்தால் இரண்டு கீலிலும் சின்னக் கொளுக்கி இருக்கும். இரண்டையும் தூக்கி மடக்கிவிட்டு, கதவை மெதுவாக மூடிக்கொண்டு போனால் பாதியில் தானாக நிற்கும். அந்த நிலையில் மேலே தூக்கி வெளியே எடுக்கலாம். கொளுக்கியை மடக்காமல் கழற்றப் போனால் கீலின் ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும், இதை மருமகனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கதவு போனாலே பாரத்தில் ஒரு நல்ல பங்கு குறையும். அதைச் சாக்கு விரித்து அறைக்குள் படுக்க வைத்தோம்.

ஸ்குரூ நாலில் இரண்டு துருப்பிடித்துக் கட்டியாக இருந்தன. துரு நீக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் விட்டோம். பிறகு தளர்த்தாமல் முதலில் ஒரு மயிரளவு இறுக்கிப் பார்த்தேன். துருக்கட்டு உடைய அதுதான் சுகமான வழி, ஆலையில் நமக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதானே. ஒன்று கழன்றது. மற்றதன் தலை வழுக்கிவிட்டது, பற்றரி டிரில் போட்டுத் தலையை மட்டும் எடுத்தோம். மீதி பலகைக்குள் கிடக்கட்டும், யாருக்கு என்ன?

அப்போதும் அசையவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் விளங்கியது. கபட் செய்த ஆள் ஓவனுக்கும் பலகைக்கும் இடையில் இடைவெளி தெரிகிறதென்று சுற்றிவர மரப் பீடிங் அடித்து, அதற்கு மேல் சிலிக்கனும் பூசியிருக்கிறார். இடைவெளி விடுவது காற்றுக்கும் கழற்றுவதற்கும்தான். அதை மறைத்தால் வடிவு, ஆனால் ஓவன் இனி அந்த வீட்டின் சுவர் மாதிரி. எனக்கு இதில்தான் கோபம். ஒரு சாமானைப் பொருத்தும்போதே இது ஒரு நாள் கழற்றப்படும் என்று நினைக்காத வேலை என்ன வேலை? ஆலையில் ஒரு பம்பை வைக்கும்போது ஸ்பேனர் போட இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் நாம் வைத்ததுண்டா? வீட்டு வேலையில் மட்டும் யாரும் அதைக் கேட்பதில்லை. கூலி கொடுப்பவர்களும் வடிவைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

பீடிங்கை மெல்லிய உளியால் நெம்பி எடுத்தோம். சிலிக்கனுக்குக் கத்தி உள்ளே போகவில்லை. அப்போது பக்கத்து வீட்டுப் பையன், கடலுக்குப் போகிறவன், தன் தங்கூசியில், அதுதான் தூண்டில் நைலோன் நூலில், ஒரு முழம் வெட்டித் தந்தான். இரண்டு முனையையும் குச்சியில் சுற்றிப் பிடித்து வாள் இழுப்பதுபோல் இரண்டு பேர் மாறி மாறி இழுத்தால் சிலிக்கன் கேக் மாதிரி வெட்டுப்பட்டுப் போகிறது. கபட்டின் பூச்சிலும் கீறல் விழவில்லை. இது உனக்கு லண்டனில் உதவும், குறித்து வை.

இனி வருமென்று பார்த்தால், வரவில்லை! மருமகன் அலவாங்கு எடுத்து வரப் போனான். நான் ஓவனுக்குக் கீழே இருந்த லாச்சியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தேன். ஓவன் இருப்பது மரச்சீவலை ஒட்டி அழுத்திச் செய்த சிப்போட் பலகையில். பக்கத்துக் கபட்டில் சிங்க். அதன் பைப் எத்தனை காலமாகச் சொட்டியதோ, பலகையின் ஓரம் தண்ணீர் குடித்து ஊதிப்போயிருக்கிறது. 18 மில்லிமீட்டர்ப் பலகை அந்த ஓரத்தில் 22 இருந்தது. ஓவனுக்கு மேலே விட்டிருந்த கொஞ்ச இடத்தையும் அந்த ஊதல் தின்றுவிட்டது. பலகை ஓவனைக் கீழிருந்து தூக்கி மேல் சட்டத்தோடு நெருக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்று எவ்வளவு இழுத்தாலும் வராதது இதனால்தான். அலவாங்கு போட்டிருந்தால் கிரனைட் கட்டாயம் வெடித்திருக்கும்.

ஆகவே ஓவனை விட்டுவிட்டுப் பலகையைக் கழற்றினோம். முன்வீட்டு ஆட்டோவிலிருந்து வண்டி தூக்கும் ஜக்கை வாங்கி வந்து, லாச்சி இருந்த இடத்தில் ஒரு துண்டுப் பலகைக்கு மேல் வைத்து, சிப்போட்டின் அடியைத் தொடுமட்டும் ஏற்றினோம். பாரம் ஜக்குக்கு வந்த பிறகு பலகையைத் தாங்கியிருந்த இரண்டு சட்டங்களின் ஸ்குரூவைக் கழற்றினோம். கை அடியில் போகாமல் பக்கவாட்டில் நின்றுதான். பிறகு ஜக்கை மெதுவாக இறக்க, ஓவன் 'க்ரக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு மேல் சட்டத்தை விட்டது. அக்கா கதிரையிலிருந்து எழும்பி "மாமாங்கப் பிள்ளையாரே" என்றா.

சாக்கை மடித்து முன்னால் போட்டு இரண்டு பேரும் அடியில் கை கொடுத்து இழுத்தோம். ஒரு சாண் வந்து நின்றது. வயர் கட்டை, நீளம் காணாது. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும், பின்னால் இருக்கும் பிளக்கோடு இழுத்தால் சொக்கட்டே சுவரை விட்டு வந்துவிடும். மருமகனின் கை மெலிசு, பக்கத்தால் விட்டுப் பிளக்கைப் பிடுங்கினான். பழைய 15 அம்பியர் உருண்டை முள்ளுப் பிளக், ஒரு முள்ளு சூட்டில் கறுத்திருந்தது. அதையும் மாற்ற வேண்டும். வயரின் மேல் எலி பல் வைத்த அடையாளமும் இருந்தது. பின்னால் கரப்பான் கூட்டம், நாலைந்து பாஸ்மதிப் பொதியின் துண்டுகள், எப்போதோ காணாமல் போன அக்காவின் வெள்ளிக் கரண்டி. கரண்டி கிடைத்ததில்தான் அவவுக்குச் சந்தோசம்.

கீழ்ச் சுருளைக் கழற்றி வெயிலில் வைத்தோம். மருமகனின் கூட்டாளி வயறிங் செய்பவன், கரண்ட் கசிவுக்கு எவ்வளவு தடை இருக்கிறதென்று அளக்கும் மெகர் கொண்டு வந்து பார்த்தான். காய்ந்த பிறகு அந்த அளவு கொஞ்சம் ஏறியது, ஆனால் நம்புமளவுக்கு இல்லை. அதனால் அந்தச் சுருளை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு ஓவனை ஒரு மேசையில் வைத்திருக்கிறோம். ட்ரிப் விழவில்லை. என் கருத்துப்படி அது மேசையிலேயே இருக்கலாம். சுற்றிவரக் காற்று, பின்பக்கம் துடைக்கலாம், எலி வந்தால் தெரியும். அக்கா விடமாட்டாவாம், மகன் வந்து பார்த்தால் மனம் வருந்துவானாம். சரி, திரும்பக் கபட்டுக்குள்தான் போகப்போகிறது. ஆனால் இந்த முறை என் சொல்லுக்குத்தான். சிப்போட் வேண்டாம், தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட், ஓரமெல்லாம் பெயின்ட். சொக்கட் பக்கத்துக் கபட்டுக்கு மாறும், அப்போது ஓவனை இழுக்காமலே பிளக்கைக் கழற்றலாம். ஸ்குரூ ஸ்டெயின்லெஸ். சிங்க் பைப்பை முதலில் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பலகையும் நிலைக்காது. பீடிங்கும் சிலிக்கனும் அடித்தால் நான் அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். காத்தான்குடியிலிருந்து ஓடாவி ஒருவர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். மேலே எவ்வளவு இடைவெளி வேண்டுமென்று அவரே முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. அந்தக் கீழ்ச் சுருள் இங்கே கடைகளில் இல்லை. கொழும்பில் விசாரித்தால் முழு ஓவனையும் மாற்றச் சொல்கிறார்கள். கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் மாடல் நம்பர் ஒட்டியிருந்தது, படம் எடுத்து உன் மகளின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே உதிரிப்பாகக் கடையில் அந்த நம்பரைக் காட்டிக் கேள். வோல்ட் 230, அதையும் பார். இரண்டு முனைக்கும் இடையிலான தூரமும் பூட்டும் தகட்டின் ஓட்டைகளும் படத்தில் அளவோடு இருக்கின்றன, நம்பர் பிழைத்தாலும் அளவு பிழைக்கக்கூடாது. அநியாய விலை சொன்னால் வாங்காதே, இரண்டு சுருளோடு அக்கா சமாளிப்பா.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருவதாக எழுதியிருந்தாய். டிக்கெட் போட்டுவிட்டாயா, அல்லது போன முறை மாதிரிக் கடைசி நேரத்தில் மாற்றுவாயா? மாமாங்கக் கோயிலில் அன்றைக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது, உன் முழங்காலோடு நெரிசலுக்குள் போக வேண்டாம். இரண்டு நாள் முந்தி வந்தால் காலையில் ஆறுதலாகப் போய்க் கும்பிட்டு வரலாம். எந்தத் தேதி என்று சீக்கிரம் எழுது, அக்கா அறை ஒதுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்